சொல்லடைவும் கணினியும்: நூலகத்தின் பணி

தமிழ்த் திருமறையில் இறைவனைக் குறிக்கும் சொல் ஒன்றாகவே நின்றதில்லை. 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் 'சர்வேசுரன்' என்றும், பப்ரிசியுவின் மொழிபெயர்ப்பில் 'பராபரன்' என்றும், பவர் ஐயர் தலைமையில் 1871-இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பில் 'தேவன்' என்றும் வழங்கிற்று. இச்சொற்கள் பிரசங்கங்களிலும் சபைப் பத்திரிகைகளிலும் எப்போது வேரூன்றின? பல்லாயிரம் பக்கங்களை ஆராய்ந்தாலன்றி இதற்கு விடை கூற இயலாது.

இத்தகைய தேடலைப் பொறியிடம் ஒப்படைத்த முன்னோடி, இயேசு சபைக் குரு ரொபெர்த்தோ பூசா. தாமஸ் அக்குவினாவின் நூல்களுக்குச் சொல்லடைவு அமைக்க 1949-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் உதவியை நாடினார். அப்பணி 56 தொகுதிகளாக நிறைவுற்றது. ஒத்தவாக்கிய நூலைப் புரட்டிப் பழகிய நமக்கு இதன் பயன் எளிதில் விளங்கும்.

இவ்வாய்வுக்கு நூலகம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, பக்கங்களைப் படமாக எடுப்பதோடு நில்லாமல், கணினி வாசிக்கும் எழுத்துகளாக மாற்றிப் பிழை திருத்தித் தருதல். பழைய அச்சுகளில் புள்ளியும், எகர ஏகார வேறுபாடும் பலவிடங்களில் இரா. 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவங்களும் உண்டு. மேலும், 'தேவன்' எனத் தேடினால் 'தேவனுக்கு', 'தேவனுடைய' என்பவை அகப்படா. ஆகவே வேற்றுமையும் புணர்ச்சியும் அறிந்த கருவி வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு நூலுக்கும் பதிப்பு, ஆண்டு, சபை ஆகியவற்றைக் குறித்து வைத்தல். இவையின்றி எண்ணிக்கை காலவரிசை அற்றதாகிவிடும். மூன்றாவது, உரிமைகளைத் தெளிவுபடுத்துதல். நம் நாட்டில் நூலாசிரியர் மறைந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை பொதுவாக நீடிக்கிறது. மின்னிதழ்களுக்குச் சந்தா செலுத்தும்போதே, அவற்றைக் கணினியால் ஆராயும் அனுமதியையும் ஒப்பந்தத்தில் கேட்டுப் பெறுதல் நன்று.

இதனால் யாருக்கு நன்மை? தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் பள்ளிப்பட்டில் பணியாற்றும் போதகரை எண்ணிப் பார்ப்போம். தம் சபையார் ஒருவர் 'தேவன்' என்றும் மற்றொருவர் 'தேவுடு' என்றும் ஜெபிப்பதைக் கேட்கிறார். இச்சொற்களின் வரலாற்றை ஆராய அவர் அடிக்கடி சென்னைக்குச் செல்ல இயலாது. நூலகம் செப்பமான பாடங்களைத் திறந்து வைத்தால், அவ்வாய்வை அவர் தம் இல்லத்திலிருந்தே செய்யலாம்.

எனினும் எண்ணிக்கை பொருளாகிவிடாது. மறுப்பதற்காக எடுத்தாளப்பட்ட சொல்லையும் பொறி எண்ணிக்கொள்ளும். பக்கத்தைத் திறந்து, அச்சொல் நிற்கும் இடத்தை வாசித்துத் தீர்மானிப்பது நம் கடன். ஆகையால் எண்ணிக்கையோடு மூலப் பக்கத்தையும் உடன் காட்டும் நூலகமே நமக்குத் தேவை.