வேலியோரத்துச் சத்துணவும் எமது காலைச் சாப்பாடும்

விடிய ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டுகிறோம். பிள்ளைகளைக் குளிக்க வார்த்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம். வயதுபோன தாய் தகப்பனுக்குத் தேநீர் கொடுக்கிறோம். ஆடு, மாட்டை அவிழ்த்துக் கட்டுகிறோம். பிறகு வயலுக்கோ, தோட்டத்துக்கோ, ஆடைத் தொழிற்சாலைக்கோ, கூலி வேலைக்கோ ஓடுகிறோம். இத்தனைக்கும் இடையில் நாம் என்ன சாப்பிட்டோம்? ஒரு கோப்பை வெறுந்தேநீர், அதற்குள் இரண்டு கரண்டி சீனி, கிடைத்தால் பிள்ளைகள் மிச்சம் விட்ட ஒரு துண்டுப் பாண். குடும்பச் சுமையைத் தனியே தாங்கி நிற்கும் பல பெண்களின் காலைச் சாப்பாடு இதுதான்.

பத்து மணியாகும்போது தலை சுற்றுகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. கை கால் உளைகிறது. "யோசனை கூடிப்போச்சு, அதுதான் உடம்பு ஏலாமல் கிடக்குது" என்று நாமே காரணம் சொல்லிக்கொள்கிறோம். இழப்பும் கவலையும் உடம்பை வருத்துவது உண்மைதான். ஆனால் இதே அறிகுறிகள் இரத்தசோகையினாலும் வரும். கவலைக்கு உடனே மருந்து இல்லாமல் இருக்கலாம். இரத்தசோகையைக் கண்டறியவும் குணப்படுத்தவும் வழி உண்டு. ஆகவே களைப்பையெல்லாம் விதி என்று விட்டுவிடாமல், அரச வைத்தியசாலையில் ஒருமுறை இரத்தத்தைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். கர்ப்பிணி அல்லாத பெண்ணின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை எனக் கொள்ளப்படுகிறது.

'சுப்பர் ஃபூட்' என்றால் என்ன?

இப்போது கைத்தொலைபேசியைத் திறந்தால் 'சுப்பர் ஃபூட்' என்ற பேச்சாக இருக்கிறது. சியா விதை, கினோவா, புளூபெரி ஆகியவற்றைப் பழத்தோடு அடித்து 'ஸ்மூதி' என்று காலையில் குடிக்கச் சொல்கிறார்கள். 'சுப்பர் ஃபூட்' என்பது விஞ்ஞானச் சொல் அல்ல, வியாபாரச் சொல். சத்துச் செறிந்த உணவு என்பதே அதன் பொருள். அப்படிப் பார்த்தால், வெளிநாட்டுக் கடைகளில் பச்சைத் தூளாகப் போத்தலில் அடைத்து விற்கப்படும் 'மொரிங்கா' வேறொன்றுமல்ல. எமது வேலியில் நிற்கும் முருங்கையின் இலைதான்!

2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது பால்மா பல வீடுகளுக்கு எட்டாக்கனியானது. சோளமும் சோயாவும் கொண்டு தயாரித்து, 1973 முதல் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுக்கப்பட்டுவரும் திரிபோஷ மா கூட அக்காலத்தில் தடங்கலின்றிக் கிடைக்கவில்லை. பைக்கற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை அந்த ஆண்டு எமக்குக் காட்டித் தந்தது.

எமது வளவில் இருப்பவை

முருங்கை இலை: 100 கிராம் பச்சை இலையில் 6 முதல் 9 கிராம் வரை புரதமும், ஏறத்தாழ 4 மில்லிகிராம் இரும்புச்சத்தும் உண்டு. கல்சியமும் விற்றமின் ஏ, சி என்பனவும் உள்ளன.

குரக்கன்: 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. அதே அளவு பசுப்பாலில் உள்ளது ஏறத்தாழ 120 மில்லிகிராம் மட்டுமே. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது உலகம் பேசிய தானியங்களில் குரக்கனும் ஒன்று.

எள்ளு: சியா விதையில் 100 கிராமுக்கு 630 மில்லிகிராம் அளவில் கல்சியம் உண்டு. தோல் நீக்காத எள்ளில் அதைவிடக் கூடுதலாக, 970 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறது. ஆனாலும் எள்ளின் கல்சியம் முழுவதையும் உடல் எடுத்துக்கொள்வதில்லை. இதனை மற்ற உணவோடு சேர்த்துக்கொள்வதே நல்லது.

கச்சான்: முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, ஒரு சரை கச்சான் வாங்காமல் ஏ-9 வீதியில் பயணம் போனவர் குறைவு. ஒரு கைப்பிடி, அதாவது 25 கிராம் கச்சானில் ஒரு முட்டையில் உள்ள அளவுக்கு, சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது.

இவற்றோடு பயறு, உளுந்து, கௌபி, வல்லாரை, பொன்னாங்காணி, பப்பாசி, கொய்யா, தேசிக்காய், நெல்லிக்காய் என்று எத்தனையோ உள்ளன. கோடையில் காட்டுப் பாலைப்பழமும் வரும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. தனியே ஒரு பிடி இலை எந்த நோயையும் தீர்த்துவிடாது. பலவற்றைச் சேர்த்து, நாள்தோறும் சாப்பிடுவதில்தான் பலன் இருக்கிறது.

இலைக்கஞ்சி (நான்கு பேருக்கு)

தேவையானவை: சிவப்புப் பச்சையரிசி அரைக் கோப்பை, பயறு 2 மேசைக்கரண்டி, முருங்கை இலை அல்லது வல்லாரை 2 கைப்பிடி, உள்ளி 3 பல்லு, தேங்காய்ப்பால் அரைக் கோப்பை, உப்பு, தேசிக்காய் பாதி.

செய்முறை: அரிசியையும் பயறையும் கழுவி, உள்ளியும் 6 கோப்பைத் தண்ணீரும் சேர்த்துக் குழைய வேகவிடுங்கள். இலையை நன்றாகக் கழுவி அம்மியில் பசையாக அரையுங்கள். வடித்துச் சக்கையை வீசாமல் அப்படியே கஞ்சியில் கலந்து, இரண்டு மூன்று நிமிடம் மட்டும் கொதிக்க விடுங்கள். தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்த்து இறக்கி, ஆறிய பின் தேசிப்புளி விடுங்கள். தேங்காய்ப்பாலின் கொழுப்பு விற்றமின் ஏ உடலில் சேர உதவும். தேசிப்புளியின் விற்றமின் சி இலையின் இரும்புச்சத்து சேர உதவும்.

கஞ்சி என்றதும் நெஞ்சு கனக்கும் சகோதரிகள் எம்மிடையே உண்டு. 2009இன் முதல் மாதங்களில் அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த கஞ்சிதான் பல உயிர்களைப் பிடித்து வைத்தது. ஆண்டுதோறும் மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்து அதை நினைவுகூருகிறோம். அந்த மணமே தாங்க முடியாதவர்கள் தம்மை வருத்திக் குடிக்க வேண்டியதில்லை. அதே முருங்கை இலையைச் சுண்டிப் பிட்டில் கலக்கலாம். ரொட்டி மாவோடு குழைக்கலாம். முட்டையோடு பொரிக்கலாம். சத்து ஒன்றுதான்.

வீட்டுச் சத்துமா

குரக்கன் 500 கிராம், பயறு 250 கிராம், உளுந்து 100 கிராம், கச்சான் 100 கிராம், எள்ளு 50 கிராம் எடுங்கள். குரக்கனை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி ஒரு நாள் முளைக்க விட்டு, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். முளைக்க வைத்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் பொருள் குறையும். எல்லாவற்றையும் தனித்தனியே வறுத்து, ஆறவிட்டு அரைத்து, ஈரமில்லாத போத்தலில் இறுக மூடி வையுங்கள். கச்சானும் எள்ளும் சேர்வதால் இரண்டு கிழமைக்குத் தேவையான அளவே அரைப்பது நல்லது. பூஞ்சணம் பிடித்த அல்லது கைத்த கச்சானைக் கழுவிச் சேர்க்கவும் வேண்டாம், அது ஈரலுக்குக் கெடுதி.

காலையில் 3 மேசைக்கரண்டி மாவை ஒன்றரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்து, ஐந்து நிமிடம் துழாவிக் காய்ச்சி, சிறு துண்டு பனங்கட்டியோடு குடியுங்கள். பக்கத்தில் ஒரு கொய்யாப்பழம் இருந்தால் இன்னும் சிறப்பு.

மின்சாரம் வேண்டாத பழப்பானம்

ஸ்மூதிக்குப் பிளென்டர்தான் வேண்டுமென்றில்லை. பழுத்த பப்பாசித் துண்டு ஒரு கோப்பையும் ஒரு வாழைப்பழமும் எடுத்து மத்தால் கடையுங்கள். அரைக் கோப்பைத் தயிர், வறுத்து இடித்த எள்ளு ஒரு தேக்கரண்டி, சிறிது தேசிப்புளி சேருங்கள். சீனி தேவையில்லை. வெயிலில் வேலைக்குப் போகுமுன் குடிக்க ஏற்றது. பப்பாசி நார்ச்சத்து மலச்சிக்கலுக்கும் நல்லது. காயத்தினால் நடமாட முடியாமல் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு இது உதவும். தண்ணீரும் போதியளவு குடிக்க வேண்டும்.

தேநீரைச் சற்றுத் தள்ளி வையுங்கள்

தேநீரை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், இலையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைப் பெருமளவு தடுத்துவிடும். ஆகவே சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கவனிக்க வேண்டியவை

- இரத்தசோகைக்கு வைத்தியர் தந்த இரும்புச்சத்து மாத்திரையைக் கஞ்சி குடிக்கிறோம் என்று நிறுத்த வேண்டாம். அதைக் கல்சியம் மாத்திரையோடும் தேநீரோடும் சேர்த்து விழுங்கவும் வேண்டாம்.
- வவுனியா போன்ற இடங்களில் சிறுநீரக நோய் காணப்படுகிறது. அந்நோய் உள்ளவர்கள் இலை வகை, பழம், பருப்பு வகைகளின் அளவை வைத்தியரிடம் கேட்டே சாப்பிட வேண்டும்.
- நீரிழிவு உள்ளவர்கள் பனங்கட்டியைத் தவிர்த்து, கூழின் அளவையும் மட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.
- ஆறு மாதம் முடியாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. சிறு பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

முதற் கோப்பை யாருக்கு?

இடம்பெயர்ந்து, மெனிக் பாமில் வரிசையில் நின்று, திரும்பி வந்து காடு மண்டிய வளவைத் துப்புரவாக்கியவர்கள் நாம். அந்த ஆண்டுகளில் இருந்ததைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு நாம் பட்டினி கிடந்தோம். அன்று அது தேவையாக இருந்தது. இன்றும் அதே பழக்கத்தைத் தொடர்ந்தால், குடும்பத்தைத் தாங்கும் தூணையே நாம் அரிக்க விடுகிறோம். தாய் விழுந்தால் அந்த வீட்டில் பிள்ளைக்குச் சமைக்க யார்?

வரும் மாரியில் வேலியோரம் இரண்டு முருங்கைத் தடி நடுங்கள். கிணற்று வாய்க்காலோரம் வல்லாரையும் பொன்னாங்காணியும் வையுங்கள். இடமில்லாத அயல்வீட்டுச் சகோதரிக்கு ஒரு பிடி இலை கொடுங்கள். சங்கத்தில் நான்கு பேர் சேர்ந்து சத்துமாவை அரைத்தால் செலவும் குறையும், பேச்சுத் துணையும் கிடைக்கும்.

நாளைக் காலை கஞ்சியோ கூழோ இறக்கியதும், பிள்ளைகளின் கோப்பைகளோடு உங்களுக்கும் ஒரு கோப்பை வார்த்து வையுங்கள். மிச்சம் இருந்தால் குடிப்போம் என்று விடாமல், அவர்களோடு கூட இருந்து குடியுங்கள்.