ஸ்பானிஷ் சோறு போடுமா?

டெல்லி ஜே.என்.யூ.வில் ஸ்பானிஷ் பி.ஏ. படிக்கிறேன் என்று தஞ்சாவூர்ப் பக்கம் சொல்லிப் பாருங்கள். "அது சோறு போடுமாப்பா?" என்பார்கள். நெல்லு வித்து ஃபீஸ் கட்டுகிற ஊர், கேட்கத்தானே செய்வார்கள்?

சோறு இருக்கு சார்! ஸ்பானிஷில் அரிசிக்கு 'அர்ரோஸ்'. மேஜை? 'மேசா'! பிளஸ் டூ முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, ஒரு வார்த்தை ஸ்பானிஷ் தெரியாமலே சேரலாம்.

அசந்து போனது இலக்கிய வகுப்பில்தான். பிளாஸ்கோ இபான்யெஸ் 1902-ல் எழுதிய நாவல், 'கான்யாஸ் இ பார்ரோ'. அதாவது 'நாணலும் சேறும்'. வலென்சியா பக்கத்து ஏரிக்கரை. தாத்தா மீன் பிடிக்கிறார். அப்பன் ஏரியில் மண் கொட்டிக் கொட்டி நெல்வயல் ஆக்குகிறான். பேரனுக்கோ உடம்பு வளையாது. மகனுக்காகத் தூர்த்த வயலிலேயே மகனைப் புதைக்கிறான் அப்பன். இது ஸ்பெயின் கதையா, நம்ம கதையா?

அதே வலென்சியாவில் வியாழன்தோறும் பகல் 12 மணிக்கு, சர்ச் வாசலில் தண்ணீர்க் கோர்ட் கூடுகிறது. எட்டு வாய்க்கால், எட்டு விவசாயிகள்தான் நீதிபதிகள். வாய்மொழியாகவே விசாரணை, அங்கேயே தீர்ப்பு! நம்ம காவிரி நடுவர் மன்றம் அமைந்தது 1990-ல். இறுதித் தீர்ப்பு 2007-ல். அது வாய்க்கால் சண்டை, இது மாநிலச் சண்டை, வாஸ்தவம்தான். ஆனாலும் பெருமூச்சு வருதே!

அந்த நாவலை நம்ம ஊர்த் தமிழில் கொண்டு வரணும். படிப்பதே அதுக்குத்தான். மடை, வரப்பு, நாத்தங்கால்... இதுக்கெல்லாம் நான் டிக்‌ஷனரி புரட்ட வேண்டியதே இல்லை!