வடிகட்டியில் படியும் வழுவழுப்பு: நண்பனா, பகைவனா?

தண்ணீர் பில்டரைக் கழுவும்போது உள்ளே நிற்கும் வெள்ளை மட்பாண்ட உருளையை விரலால் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? சவர்க்காரம் பட்டது போல வழுக்கும். பள்ளிவாசல் ஹவ்ழின் சுவரிலும் இதே வழுக்கல்தான். அழுக்கு என்று நாம் தேய்த்துவிடுகிறோம். உண்மையில் அது உயிருள்ள ஒரு குடியிருப்பு.

தண்ணீரில் மிதந்து வரும் பற்றீரியாக்கள் மணல், களிமண், கரி என்று ஏதாவதொன்றில் முதலில் இலேசாக ஒட்டிக்கொள்கின்றன. பின்னர் பசை போன்ற ஒன்றைச் சுரந்து, அதற்குள் தம்மைப் பதித்துக்கொண்டு பெருகுகின்றன. இதனை உயிர்ப்படலம் என்பர். மிதக்கும் கிருமியை எளிதில் கொல்லும் குளோரின், இந்தப் பசைக்குள் இருப்பதை அவ்வளவு எளிதில் எட்டுவதில்லை. படலம் தடித்துவிட்டால் துணுக்குகளாகப் பிய்ந்து தண்ணீரோடு போகவும் செய்யும்.

அப்படியானால் இது பகைவன்தானே என்பீர்கள். ஜேர்மனியில் நடந்ததைக் கேளுங்கள்.

1892இல் ஹம்பர்க் நகரில் கொலரா பரவி சுமார் 8,600 பேர் மாண்டனர். அதை ஒட்டியிருந்த அல்தோனா நகரும் அதே எல்ப் ஆற்றில்தான், அதுவும் ஹம்பர்க்கின் கழிவுகள் கலந்த பிறகு, நீர் எடுத்தது. அங்கோ இறப்பு மிகக் குறைவு. எல்லைத் தெருவில் ஒரு பக்கம் நோய், மறுபக்கம் சுகம்! ஹம்பர்க் ஆற்று நீரை வடிக்காமலே விநியோகித்தது. அல்தோனா மணற் தொட்டிகளில் மெதுவாக வடித்துக் கொடுத்தது.

மணலின் இடைவெளிகள் கொலராக் கிருமியைவிட எத்தனையோ மடங்கு பெரியவை. கிருமிகளைப் பெரிதும் தடுத்தது மணலின் மேல் படிந்த அந்த வழுவழுப்புத்தான். ஜேர்மனியர் அதற்கு இட்ட பெயரின் பொருள் 'அழுக்குப் போர்வை'. பெயரில்தான் அழுக்கு! வரும் கிருமி அதில் சிக்கும். அங்கே குடியிருக்கும் வேறு நுண்ணங்கிகள் அதை உண்டுவிடும். புதிய மணலில் இந்தப் போர்வை உருவாகச் சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை செல்லும். நீரும் மணிக்குப் பத்து, இருபது சென்ரிமீற்றர் வேகத்திலேயே இறங்க வேண்டும். அடைத்துக்கொண்டால் மேல்மணலை ஓரிரு சென்ரிமீற்றர் மட்டுமே சுரண்டுவார்கள். 1893இன் குளிர்காலத்தில் அல்தோனாவில் தொட்டியொன்றைச் சுத்தம் செய்தபோது மணல் உறைந்து வடிகட்டல் கெட்டது. அங்கும் கொலரா தலைகாட்டியது. அறிஞர் றொபேட் கொக் இதை ஆராய்ந்து எழுதினார்.

இதைப் படித்துவிட்டு வீட்டுப் பில்டரைத் தேய்க்காமல் விட்டுவிடாதீர்கள்! அங்கே கிருமியைத் தடுப்பது உருளையின் நுண்துளைகள். படலம் அவற்றை அடைத்து நீர் சொட்டுவதைக் குறைக்கும். ஆகவே சவர்க்காரமின்றி, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலும் உருளையை மாற்றிவிடுங்கள். கரி வைத்த பில்டர் குளோரினை உறிஞ்சிவிடும். அதனால் கரியிலேயே பற்றீரியா குடியேறும். இரவு முழுக்கத் தேங்கி நின்ற முதல் நீரைக் காலையில் கொட்டிவிடுங்கள். கரியையும் உரிய காலத்தில் மாற்றுங்கள்.

எங்கள் வீட்டில் உருளையைத் தவறாமல் தேய்ப்போம். வடித்த நீர் தேங்கும் கீழ்ப்பாத்திரத்தின் பைப்பை மட்டும் ஒருவரும் கழற்றிப் பார்த்ததில்லை, நான் உட்பட. ஒருநாள் கழற்றினால், உள்ளே விரல் வழுக்கியது. அன்றிலிருந்து பாத்திரத்தோடு பைப்பும் கழுவப்படுகிறது. சிறு பிள்ளைகளுக்கு, வடித்த நீரையும் கொதிக்க வைத்து ஆறிய பின்னரே கொடுக்கிறோம்.