கடன் வாங்கிய கலையும் கைவந்த கலையும்

மணலிக்கு நேர் வடக்கே, சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாட்களில், எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் மொட்டைமாடி ஏறி வடதிசையைப் பார்த்து நிற்பது இந்த வட்டாரத்து ஜனங்களுக்குப் பழகிப்போன காரியம். வானம் நிர்மலமாக இருந்தால் சிறிது நேரம் தெரிந்து மறையும் அந்த நெருப்புக் கோட்டின் பின்னால், பிரான்சு தேசத்தில் நம்மவர் கற்ற வித்தையும், ரஷ்யாவுடன் செய்து பாதியில் முறிந்த ஒப்பந்தமும், மேற்குக் கோதாவரி ஜில்லாவின் சர்க்கரைக் கம்பெனி ஒன்று காய்ச்சிக் கொடுக்கும் ரசாயனமும் கலந்திருப்பதைப் பலர் அறியார். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய இஸ்ரோ, தன் தொழில்நுட்பத்தைப் பிறரோடு கூடி வளர்த்த விதத்தையும், இப்போது அதைப் பிறருக்குப் பகிர்ந்தளிக்க முற்பட்டிருக்கும் விதத்தையும் விளக்குவதே இங்கே நம் நோக்கம்.

புதிய யந்திரக் கலை ஒன்று தேவைப்படும் சர்க்கார் ஸ்தாபனம் அதை விலைக்கு வாங்கலாம். தானே முதலிலிருந்து செய்து பார்க்கலாம். அல்லது வேறொருவருடன் கூட்டுச் சேரலாம். முதலாவது விரைவானது, ஆனால் விற்றவர் மனம் மாறினால் வாங்கியவர் திகைத்து நிற்க நேரும். இரண்டாவது கௌரவமானது, ஆனால் காலத்தை விழுங்குவது. மூன்றாவதைப் பற்றி மேடைகளில் இனிமையாகப் பேசுகிறார்களே தவிர, அதுதான் மூன்றிலும் கடினமானது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் கூட்டில் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் எதையாவது கொடுக்க வல்லவர்களாக இருக்க வேண்டும்.

மணலிவாசிகளுக்கு இந்த விஷயம் அந்நியமானதன்று. இங்குள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையே ஒரு கூட்டு முயற்சியில் பிறந்ததுதான். 1965 டிசம்பரில் பதிவான மெட்ராஸ் ரிஃபைனரீஸ் கம்பெனியில் இந்திய சர்க்காருக்கு நூற்றுக்கு 74 பங்கும், அமெரிக்காவின் அமோகோ கம்பெனிக்கும் ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனிக்கும் தலா 13 பங்கும் இருந்தன. 1969-இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறனோடு தொடங்கிய ஆலை, 1985-இல் அமோகோ விலகிக்கொண்ட பின்னரும் வளர்ந்து, சென்னை பெட்ரோலியம் என்று பெயர் மாறி, இன்று 105 லட்சம் டன் திறனுடையதாக நிற்கிறது. பக்கத்திலுள்ள உர ஆலையும் அமோகோவுடன் கூட்டாகத்தான் 1966-இல் உருவாயிற்று. அமெரிக்கர் போன பிறகு ஆலை நின்றுவிடவில்லை என்பதும், அதை நடத்தவும் நாலு மடங்காகப் பெருக்கவும் தெரிந்த ஆட்கள் இங்கேயே இருந்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கவை. கூட்டாளி விலகிய மறுநாள் நம் கையில் என்ன மிஞ்சியது என்று கேட்பதே எந்தக் கூட்டையும் எடைபோடுவதற்கு ஏற்ற கேள்வி. அதே கேள்வியோடு வடக்கே பார்ப்போம்.

ஆரம்ப காலத்துக் கூட்டுகளில் நாம் பெரும்பாலும் வாங்குபவர்களாகவே இருந்தோம். 1963 நவம்பர் 21-ஆம் தேதி கேரளத்துத் தும்பாவிலிருந்து எழும்பிய முதல் ராக்கெட் அமெரிக்காவினுடையது; அது சுமந்து சென்ற சோடியம் ஆவிக் கருவி பிரான்சினுடையது. 1975-இல் நம் முதல் செயற்கைக்கோளாகிய ஆரியபட்டாவை ஏவியது சோவியத் ராக்கெட். அதே ஆண்டு ஆகஸ்டு முதல் ஓராண்டுக்கு 2400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் காட்டிய செயற்கைக்கோள் நாசாவிடமிருந்து இரவலாகக் கிடைத்தது. இவற்றைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் உண்மையான பாடம் பிரான்சு தேசத்து வெர்னான் நகரில் நடந்தது.

அப்போது பிரெஞ்சுக்காரர்கள் ஏரியான் ராக்கெட்டுக்காக வைக்கிங் என்னும் திரவ எரிபொருள் என்ஜினை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தேர்ந்த பொறியாளர்களின் உழைப்பு தேவைப்பட்டது. நமக்கு என்ஜின் தேவைப்பட்டது. கொடுப்பதற்கு நம்மிடம் பணம் இல்லை. 1974-இல் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின்படி, பணத்துக்குப் பதிலாக நூறு மனித ஆண்டுகளின் உழைப்பை இஸ்ரோ கொடுப்பதென்றும், அதற்கு ஈடாக என்ஜினின் தொழில்நுட்பத்தைப் பெறுவதென்றும் முடிவாயிற்று. நாகர்கோவிலில் பிறந்தவரான நம்பி நாராயணனின் தலைமையில் சென்ற நம் பொறியாளர்கள், பார்வையாளர்களாக ஓரமாக நிற்காமல், வரைபட மேஜையிலும் பட்டறையிலும் சோதனைக் களத்திலும் பிரெஞ்சுக்காரர்களோடு தோளுரசி வேலை செய்தார்கள். ஒரு வரைபடத்தில் ஏன் இந்த அளவு இந்த இடத்தில் இப்படி இருக்கிறது என்பது வரைபடத்தைப் பார்த்தால் தெரியாது. அதை வரைந்தவன் முன்பு வேறுவிதமாக வரைந்து தோற்றபோது அருகில் இருந்தவனுக்குத்தான் தெரியும். அந்தத் தோல்விகளையெல்லாம் நம்மவர் இலவசமாகக் கற்றார்கள். 1985-இல் இந்தியாவில் செய்யப்பட்ட என்ஜின் வெர்னானுக்கே கொண்டுபோய்ச் சோதிக்கப்பட்டு வெற்றி பெற்றது. விகாஸ் என்று பெயர் பெற்ற அந்த என்ஜின் இன்றுவரை பி.எஸ்.எல்.வி., ஜி.எஸ்.எல்.வி., எல்.வி.எம்.3 ஆகிய மூன்று ராக்கெட்டுகளிலும் எரிகிறது.

இந்தப் பேரம் நமக்குச் சாதகமாக முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒப்பந்தத்துக்கு முன்பே திருவனந்தபுரத்தில் நம் பொறியாளர்கள் சிறிய திரவ என்ஜின்களைத் தாங்களே செய்து சோதித்துக்கொண்டிருந்தார்கள். தடுமாறிய இடங்களை அறிந்தவனுக்கே எதைக் கேட்க வேண்டும் என்பது விளங்கும்.

என்ஜின் வந்துவிட்டால் போதாது. அது குடிப்பதற்கு எரிபொருள் வேண்டுமே! விகாஸுக்கு வேண்டிய ஹைட்ரசீன் வகை எரிபொருளை வெளிநாட்டிலிருந்தே தருவித்துக்கொண்டிருந்தால், கற்ற வித்தை ஒரு கப்பல் தாமதத்தில் முடங்கியிருக்கும். ஆகவே தணுக்குவிலுள்ள ஆந்திரா சுகர்ஸ் கம்பெனி அந்த ரசாயனத்தை உற்பத்தி செய்ய முன்வந்தது. ராக்கெட்டின் உறைக்கான மாரேஜிங் எஃகு ஹைதராபாத்தின் மிதானி ஆலையிலிருந்தும், திட எரிபொருளுக்கான அம்மோனியம் பெர்குளோரேட் ஆலுவாவில் இஸ்ரோ அமைத்த ஆலையிலிருந்தும் வந்தன. என்ஜினின் பாகங்களை கோத்ரெஜ் முதலிய கம்பெனிகள் செய்தன. வெளிநாட்டுக் கூட்டைவிட உள்நாட்டுக் கூட்டுகள் பத்திரிகைகளில் குறைவாகப் பேசப்பட்டாலும், முதலாவதை நிலைநிறுத்தியவை இவைதாம்.

இதற்கு நேர்மாறான சரித்திரம் கிரையோஜெனிக் என்ஜினுடையது. பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி குளிர்ந்த திரவ ஹைட்ரஜனையும், 183 டிகிரி குளிர்ந்த திரவ ஆக்ஸிஜனையும் கொண்டு இயங்கும் இந்த என்ஜினுக்காக 1991-இல் சோவியத் ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்துடன், என்ஜின்களும் தொழில்நுட்பமும் சேர்த்துத் தருவதாக, விலைபேசி ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஏவுகணைப் பரவலைத் தடுக்கும் விதிகளுக்கு இது விரோதம் என்று ஆட்சேபித்த அமெரிக்கா 1992-இல் இரு நிறுவனங்கள்மீதும் தடை விதித்தது. 1993-இல் ரஷ்யா பணிந்து, ஆயத்தமான ராக்கெட் கட்டங்களை மட்டும் கொடுத்து, கலையைக் கொடுக்க மறுத்தது. கையில் பொருள் வந்தது, வித்தை வரவில்லை. நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் பல்லாண்டுகள் பிரயத்தனப்பட்டுச் செய்த சொந்த என்ஜின் 2010 ஏப்ரலில் தோல்வியுற்று, 2014 ஜனவரி 5-ஆம் தேதிதான் வெற்றிகரமாகப் பறந்தது. தடையினால் நன்மையே விளைந்தது என்று சிலர் பெருமைப்படுவதுண்டு. இருபது ஆண்டு தாமதத்தை நன்மை என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதன் பிற்பகுதி சுவாரசியமானது. 2014 செப்டம்பரில் நாசாவும் இஸ்ரோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பலனாகிய நைசார் செயற்கைக்கோளை, 2025 ஜூலை 30-ஆம் தேதி விண்ணுக்கு ஏற்றியது ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்; அதன் மேல்கட்டத்தில் எரிந்தது, எந்தக் கலை நமக்குக் கிடைக்கலாகாது என்று அமெரிக்கா தடுத்ததோ அந்தக் கிரையோஜெனிக் என்ஜின். நைசாரில் எல் அலைவரிசை ராடாரும் 12 மீட்டர் விட்டமுள்ள வலைப் பிரதிபலிப்பானும் நாசாவினுடையவை. எஸ் அலைவரிசை ராடாரும், செயற்கைக்கோளின் உடற்பகுதியும், ஏவுதலும் இஸ்ரோவினுடையவை. ஒருவர் செய்ததை மற்றவர் மறுபடி செய்யவில்லை. ஒருவரின்றி மற்றவரின் பகுதிக்குப் பயனும் இல்லை. பன்னிரண்டு நாட்களுக்கு ஒரு சுற்றாக நிலம் தாழ்வதையும் கரை அரிக்கப்படுவதையும் நுட்பமாக அளக்கும் இக்கருவியின் தரவுகள், கடல் அரிப்பால் வீடுகளை இழந்த வடசென்னைக் கடலோரக் குப்பங்களுக்கும் ஒருநாள் பயன்படக்கூடும்.

இனி மணலிக்காரர்களுக்கு மிகவும் நெருங்கிய பொருளுக்கு வருவோம்: மண்ணெண்ணெய். ரேஷன் கடையில் நம் தாய்மார் வரிசையில் நின்று வாங்கிய கிருஷ்ணாயிலின் சுத்தமான பங்காளியைத்தான் இஸ்ரோ தன் அடுத்த பெரிய என்ஜினுக்கு எரிபொருளாகத் தேர்ந்து, இஸ்ரோசீன் என்று பெயரிட்டிருக்கிறது. திரவ ஆக்ஸிஜனுடன் இதை எரிக்கும் அரைக்கிரையோஜெனிக் என்ஜினுக்கு 2008-இலேயே மத்திய மந்திரிசபை 1798 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அனுமதி அளித்தது. ஹைட்ரஜனைப்போல மண்ணெண்ணெய்க்கு உறைகுளிர் வேண்டாம். அடர்த்தி மிகுந்ததாகையால் சிறிய தொட்டியில் நிறையக் கொள்ளும். விகாஸின் எரிபொருளைப்போல விஷமும் அன்று.

சாதாரண மண்ணெண்ணெயை ஏன் ஊற்றலாகாது? என்ஜினின் எரிகலத்தைச் சுற்றிலும் நூலிழை போன்ற குறுகிய கால்வாய்களில் எரிபொருள் முதலில் ஓடி, சுவரின் வெப்பத்தை வாங்கிக்கொண்ட பிறகே உள்ளே சென்று எரிகிறது. உள்ளே வாயுவின் வெப்பம் 3000 டிகிரிக்கு மேல். எண்ணெயில் நறுமணச் சேர்மங்களும் ஓலிஃபின்களும் மிகுந்திருந்தால், திரும்பத் திரும்பக் காய்ந்த பலகாரச் சட்டியின் அடியில் பிடிப்பதுபோலக் கரி படிந்து, வெப்பம் சுவரைவிட்டு நீங்க வழியின்றிச் சுவர் உருகும். கந்தகம் சிறிது இருந்தாலும் செப்புக் கலவைச் சுவரை அரித்துவிடும். ஆகவே கொதிநிலையின் குறுகிய எல்லைக்குள் வடித்தெடுத்து, ஹைட்ரஜனூட்டிக் கந்தகத்தை அறவே நீக்கி, ஒவ்வொரு தொகுதியும் முந்தையதைப் போலவே இருக்கும்படி செய்ய வேண்டியிருக்கிறது. இது ராக்கெட் விஞ்ஞானியின் வேலையன்று, சுத்திகரிப்பு ஆலைக்காரரின் கலை. மண்ணெண்ணெயிலிருந்து நேர்ச்சங்கிலிப் பாரஃபினைப் பிரித்தெடுத்துச் சலவைத்தூளுக்கு மூலப்பொருள் செய்யும் ஆலை மணலியிலேயே எண்பதுகளிலிருந்து இருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சு எதுவும் புதிதாக இராது.

இந்த அரைக்கிரையோஜெனிக் என்ஜினின் தலைப்பகுதி 2025 மார்ச் 28-ஆம் தேதி மகேந்திரகிரியில் இரண்டரை விநாடி எரித்துச் சோதிக்கப்பட்டது. 2000 கிலோநியூட்டன் உந்துவிசையுள்ள முழு என்ஜின் எல்.வி.எம்.3-இல் பொருத்தப்படும்போது, அந்த ராக்கெட் தூக்கும் பளு 4 டன்னிலிருந்து 5 டன்னுக்குச் சற்று மேலாக உயரும் என்று இஸ்ரோ கணக்கிடுகிறது. அனுமதி கிடைத்துப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் இரண்டரை விநாடி என்று கேலி செய்வோர், ஆக்ஸிஜன் மிகுந்த சூடான வாயுவில் உலோகமே தீப்பற்றும் என்பதை எண்ணிப் பார்த்தால் சற்று மௌனமாக இருப்பார்கள்.

இப்போது கூட்டின் திசை மாறியிருக்கிறது. 2020-இல் விண்வெளித் துறை தனியாருக்குத் திறக்கப்பட்டு, இன்ஸ்பேஸ் என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. 2023-இல் வெளியான இந்திய விண்வெளிக் கொள்கை, வழக்கமான ராக்கெட் உற்பத்தியிலிருந்து இஸ்ரோ விலகி ஆராய்ச்சியில் ஈடுபட வேண்டும் என்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் கம்பெனி, ஸ்ரீஹரிகோட்டாவிலேயே தனக்கென மேடை அமைத்து, விமான எரிபொருளும் திரவ ஆக்ஸிஜனும் கொண்டு இயங்கும் என்ஜினை ஒரே துண்டாக அச்சிட்டு, 2024 மே 30-ஆம் தேதி சோதனை ராக்கெட் ஒன்றைப் பறக்கவிட்டது. சர்க்காரின் சோதனைக்களமும், பாதுகாப்பு முறைகளும், தடம் காணும் கருவிகளும் இரவல் கிடைத்திராவிட்டால் அந்த இளைஞர்கள் என்ன செய்திருக்கக்கூடும்? ஒருகாலத்தில் தும்பாவில் பிறர் நமக்குச் செய்ததை இஸ்ரோ இப்போது பிறருக்குச் செய்கிறது.

பெரிய அளவிலும் இது நடக்கிறது. ஐந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளைச் செய்யும் பொறுப்பு 2022-இல் பொதுத்துறை விமானக் கம்பெனியாகிய ஹெச்.ஏ.எல்., தனியார் கம்பெனியாகிய எல் அண்டு டி ஆகியவற்றின் கூட்டுக்குக் கொடுக்கப்பட்டது. சிறிய ராக்கெட்டாகிய எஸ்.எஸ்.எல்.வி.யின் முழுத் தொழில்நுட்பத்தையும் 511 கோடி ரூபாய்க்கு ஹெச்.ஏ.எல். 2025 ஜூனில் ஏலத்தில் எடுத்தது. இங்கேதான் பழைய சரித்திரம் நினைவுக்கு வர வேண்டும். ஆவணக் கட்டுகளைக் கைமாற்றுவதோடு காரியம் முடிந்தது என்று கருதினால், கிளாவ்காஸ்மாஸிடம் நாம் பட்டதை நம்மவர்க்கே நாம் செய்தவர்களாவோம். நல்லவேளையாக அந்த ஒப்பந்தத்தில், 24 மாத காலம் ஹெச்.ஏ.எல். ஆட்களுக்கு இஸ்ரோ பயிற்சி தரும் என்றும், அக்காலத்தில் இரண்டு ராக்கெட்டுகளை இஸ்ரோவின் வழிகாட்டுதலில் அவர்களே செய்து ஏவ வேண்டும் என்றும் ஏற்பாடு இருக்கிறது. 511 கோடி என்னும் தொகையைப் பத்திரிகைகள் தலைப்பில் போட்டன. அந்த இரண்டு ராக்கெட்டுகளின்போது எத்தனை பேர் பட்டறையில் பக்கத்தில் நின்று வேலை கற்கிறார்கள் என்ற கணக்கையே நான் தலைப்பில் போட்டிருப்பேன்.