ஓடும் கோட்டைப் பிடித்து வையுங்கள்!

ஒரு குவளை வெந்நீரில் வெப்ப உணர்வி ஒன்று அமிழ்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் கம்பி கணிப்பொறியுடன் இணைக்கப்பட்டிருக்கிறது. நீர் ஆற ஆற, திரையில் ஒரு கோடு இறங்கிக்கொண்டே நகர்கிறது. ஒரு மணி நேரம் சென்றபின், நியூட்டனின் குளிர்தல் விதியைச் சரிபார்க்க உட்காருகிறீர்கள். ஆனால் கோட்டின் தொடக்கப் பகுதியைக் காணோம்! நீர் மிக விரைவாக ஆறியது அப்போதுதான். விதியைச் சரிபார்க்க மிகவும் வேண்டிய பகுதியும் அதுவே. அது எங்கே போயிற்று?

படங்களால் ஒரு நிரல்

இத்தகைய கோடுகளை வரையப் பல ஆய்வுக்கூடங்களில் பயன்படுவது லேப்வியூ என்னும் மென்பொருள். அமெரிக்காவில், ஆஸ்டின் நகரத்து நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 1986-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டது. இதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் ஜெஃப் கோடோஸ்கி. இதில் நிரலைச் சொற்களால் எழுத வேண்டுவதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு படம் உண்டு. படங்களைக் கம்பி போன்ற கோடுகளால் இணைத்தால் அதுவே நிரல்! உணர்வியைப் படிக்கும் படத்திலிருந்து ஒரு கம்பி வரைபடத்துக்குச் செல்லும். இரண்டையும் சுற்றி ஒரு சட்டம் வரைந்துவிட்டால், நிறுத்தும் பொத்தானை அழுத்தும் வரை அந்த வேலை திரும்பத் திரும்ப நடக்கும். இச்சட்டத்தைச் 'சுழற்சி' என்போம்.

1024 அளவுகளுக்கே இடம்

வரைபடத்துக்குப் பின்னால், அளவுகளைத் தேக்கி வைக்கும் ஒரு சிறு கிடங்கு இருக்கிறது. நாம் மாற்றாத வரையில் அதில் 1024 அளவுகளுக்கே இடம். 1025-ஆவது அளவு உள்ளே வந்ததும் முதலாவது வெளியேறிவிடும். விநாடிக்கு ஓர் அளவு எடுத்தால் கிடங்கு 17 நிமிடம் 4 விநாடியில் நிறைந்துவிடும். விநாடிக்கு 1000 அளவுகள் எடுத்தாலோ, ஒரு விநாடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான்!

கிடங்கைப் பெரிதாக்கலாமே என்பீர்கள். பெரிதாக்கலாம். ஆனால் அது இருப்பது கணிப்பொறியின் தற்காலிக நினைவகத்தில். மின்சாரம் நின்றால் அத்தனையும் போய்விடும். சோதனை முடிந்தபின் சேமித்தாலும், கிடங்கில் மிஞ்சியவைதாம் கிடைக்கும்.

காகிதம் தந்த பாடம்

கணிப்பொறித் திரை வருவதற்கு முன் இவ்வேலையைச் செய்தவை, ஓடும் காகிதச் சுருளில் பேனாவால் கோடு வரையும் பதிவுக் கருவிகள். 1967-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல், ரேடியோ தொலைநோக்கி தந்த சுருள்களை ஆராய்ந்துவந்தார். நாளொன்றுக்குச் சுமார் 30 மீட்டர் காகிதம்! அதில் ஒரு சிறு கிறுக்கல் அவர் கண்ணில் பட்டது. வானத்தின் அதே பகுதியிலிருந்து இதை முன்பும் பார்த்த நினைவு வரவே, பழைய சுருள்களைப் புரட்டினார். அங்கும் அது இருந்தது. பின்னர் காகிதத்தை வேகமாக ஓடவிட்டபோது, சுமார் 1.33 விநாடிக்கு ஒரு துடிப்பு தெரிந்தது. அதுவே முதன்முதலில் அறியப்பட்ட பல்சார். பழைய சுருள்கள் இல்லாதிருந்தால் அவர் எதைப் புரட்டியிருப்பார்?

காகிதம் காட்டவும் செய்தது, காத்து வைக்கவும் செய்தது. திரையோ காட்ட மட்டுமே செய்யும். காத்து வைப்பதற்கு நாம் தனியே ஏற்பாடு செய்ய வேண்டும்.

கோப்பில் எழுதும் முறை

சுழற்சி தொடங்குமுன் ஒரு கோப்பைத் திறந்துகொள்ளுங்கள். சுழற்சிக்குள், உணர்வியிலிருந்து வரும் கம்பியில் ஒரு கிளை பிரியுங்கள். ஒரு கிளை வரைபடத்துக்கு. மற்றது கோப்பில் எழுதும் படத்துக்கு. சுழற்சி முடிந்தபின் கோப்பை மூடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கோப்பைத் திறந்து மூடினால் வேலை மிகவும் தாமதப்படும். ஒவ்வொரு வரியிலும் அளவோடு நேரத்தையும் எழுதுங்கள். நேரம் இல்லாத அளவு, தேதி இல்லாத கடிதம் போன்றது.

அளவுகள் மிக வேகமாக வந்தால்? வட்டில் எழுதி முடிக்கும் வரை அடுத்த அளவு காத்திருக்க நேரும். அதற்கும் வழி உண்டு. ஒருவர் தோசை சுட்டுத் தட்டில் அடுக்க, மற்றொருவர் எடுத்துப் பரிமாறுவதில்லையா? அதுபோல, அளக்க ஒரு சுழற்சி, எழுத ஒரு சுழற்சி, இடையில் அளவுகள் காத்திருக்க ஒரு வரிசை என அமைக்கிறார்கள்.

விநாடிக்கு 1000 அளவுகள் என்றால் ஒரு நாளில் 8 கோடியே 64 லட்சம் அளவுகள். அளவுக்கு 8 பைட்டு வீதம், 69 கோடியே 12 லட்சம் பைட்டுகள்! இவ்வளவையும் எழுத்துகளாக எழுதினால் கோப்பு இன்னும் பெருக்கும். ஆகவே பெரிய சோதனைகளில் எண்களை இரும வடிவிலேயே எழுதுகிறார்கள். பள்ளிச் சோதனைக்கு எழுத்துக் கோப்பே போதும். எந்தக் கணிப்பொறியிலும் திறந்து படிக்கலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. விநாடிக்கு 4 அளவுகள் எடுக்கும் சோதனையில், 1024 இடம் கொண்ட கிடங்கு எத்தனை நிமிடத்தில் நிறையும்? ஒரு மணி நேரம் நடத்தினால் கோப்பில் எத்தனை வரிகள் இருக்கும்? கணக்கிட்டுப் பாருங்கள். கோப்பு ஏன் வேண்டும் என்பதை அந்த இரண்டு விடைகளே சொல்லிவிடும்.