பர்வதமலைக்குப் புறப்படுகிறீர்களா? முழங்காலையும் ஒரு வார்த்தை கேளுங்கள்!

"தறியிலயே நாளெல்லாம் உழைக்கிற உடம்பு சார் இது. மலை ஏர்றதெல்லாம் ஒரு விஷயமா?"

ஆரணியிலிருந்து பர்வதமலைக்குக் கிளம்பும் கோஷ்டியில் இப்படிச் சொல்பவர் ஒருவராவது இருப்பார். உழைப்பு உண்மைதான். ஆனால் குழித்தறியில் உட்கார்ந்து மிதி மிதிப்பது வேறு, உடம்பின் முழு எடையையும் மணிக்கணக்கில் மேலே தூக்கிச் செல்வது வேறு. முன்னது கைக்கும் கண்ணுக்கும் வேலை. பின்னது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தொடைக்கும் வேலை. கடையில் உட்காருபவருக்கும், ஆபீஸ் போகிறவருக்கும், அடுப்படியில் நிற்கும் இல்லத்தரசிக்கும் இதே கதைதான்.

பர்வதமலையின் உயரம் சுமார் 4,500 அடி. உச்சியில் மல்லிகார்ஜுனர் கோயில். கடலாடி வழியாகவும், தென்மகாதேவமங்கலம் வழியாகவும் ஏறலாம். படிகளும் கரடுமுரடான பாதையும் முடிந்த பிறகு, செங்குத்துப் பாறையில் கடப்பாறைப் படி, ஏணிப் படி, பிடித்து ஏற இரும்புச் சங்கிலி என்று வரும். சங்க நூலான மலைபடுகடாம் சொல்லும் நவிரமலை இதுதான் என்பார்கள். வழியில் எங்கே பாறை வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும் என்று அன்றைக்கே அந்த நூல் எச்சரித்திருக்கிறது. நாம் மட்டும் யோசிக்காமல் கிளம்பலாமா?

ஆறு வாரம் முன்பே...

தினமும் அரைமணி நேரம் வேகமாக நடங்கள். இரண்டாவது வாரத்திலிருந்து மாடிப்படி ஏறி இறங்குங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். மலையிலும் இதே அளவுகோல்தான்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். "ஒருநாள்தானே" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் விரதமிருந்து ஏறினால், பாதி வழியில் சர்க்கரை திடீரென இறங்கி வியர்த்து, நடுங்கி, மயங்கலாம். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வேண்டுதலுக்காகக்கூட வெறுங்காலோடு ஏற வேண்டாம். முள் குத்தியதே தெரியாமல் புண்ணாகிவிடும்.

ஏறும்போது நெஞ்சு அழுத்தம், இடது கை அல்லது தாடையில் வலி, குப்பென்று வியர்வை வந்தால் "வாயுப் பிடிப்பு" என்று ஓமம் மெல்ல வேண்டாம். உடனே உட்காருங்கள். 108-க்குச் சொல்லுங்கள். பாறைப் படியில் ஆம்புலன்ஸ் வராது. உங்களைத் தூக்கி இறக்க நாலு பேர் வேண்டும். அதனால்தான் சந்தேகம் இருப்பவர் கீழேயே முடிவெடுப்பது நல்லது.

தண்ணீரும் உப்பும்

பெரியவர் ஒருவருக்கு மூன்று லிட்டராவது தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து ஒரு பாட்டில் தனியாக வையுங்கள். விடியலில் ஏறத் தொடங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் மேலே சேர்ந்துவிடுங்கள்.

பாறையில் ஒரே விதி

இரண்டு கை, இரண்டு கால் என்ற நாலில் எப்போதும் மூன்று இரும்பிலோ பாறையிலோ இருக்க வேண்டும். ஒன்றுதான் நகர வேண்டும். கையால் இழுத்து ஏறாதீர்கள், காலால் உந்தி ஏறுங்கள். மழை பெய்தால் பாறை வழுக்கும். இடி இடித்தால் சங்கிலியும் ஏணியும் மின்னலை வாங்கும். அப்போது திரும்பிவிடுவதில் வெட்கமில்லை.

"கயிறு கட்டி வேறு பாறையில் ஏறலாமே" என்று வீட்டு இளவட்டங்கள் கேட்பார்கள். கொடிக்கயிறு, கிணற்றுக்கயிறு எதுவும் உதவாது. அதிகம் இழுபடாத கயிறு, விழுகிறவரின் இடுப்பையே ஒடித்துவிடும். மலையேற்றக் கயிறு நைலானில் செய்தது. உள்ளே இழைக்கட்டு, வெளியே பின்னிய உறை. விழும்போது நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நூலின் இழுவை நெசவாளருக்குத் தெரியாதா என்ன! அந்தக் கயிறு, இடுப்புப் பட்டை, ஹெல்மெட், பயிற்சி பெற்ற துணை இந்த நாலும் இல்லாமல் அந்த வேலையே வேண்டாம்.

ஏரிக்கரையில் ஓர் இரவு

இறங்கும்போதுதான் முழங்காலுக்குச் சோதனை. தடி ஊன்றி, சின்ன அடியாக இறங்குங்கள். அந்த அலுப்போடு இரவில் வண்டி ஓட்டாமல் தங்கிவிடுவது புத்திசாலித்தனம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர், அங்கே கோலப்பன் ஏரி என்று திட்டம் போடுபவர்கள் உண்டு. முறையான விடுதியில் தங்குங்கள். காப்புக்காட்டில் அனுமதியின்றிக் கூடாரம் போடுவதும், நெருப்பு மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்க முடியுமா? பர்வதமலைக்கும் ஏறும் நேரம், அனுமதி பற்றி வனத்துறையிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதியோடு கூடாரம் போட்டாலும் ஓடைப்படுகையில் வேண்டாம். மேலே மழை பெய்தால் இங்கே வெள்ளம் வரும். ஏரியில் குளிக்க இறங்காதீர்கள், சேற்றின் ஆழம் தெரியாது. வெறுந்தரையில் படுக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில் தூங்குபவரைக் கடிக்கும், வலிகூடப் பெரிதாகத் தெரியாது. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல், விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வந்த பிறகும் கவனம்

திரும்பி வந்து ஒன்றிரண்டு வாரத்தில் விடாத காய்ச்சலும் தலைவலியும் வந்தால், "காட்டுக்குப் போய் வந்தோம்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் நம் வட்டாரத்தில் உண்டு. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டதுபோலக் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும்.

கிளம்புமுன் ஒரு தாளில் எந்த வழி, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதி வீட்டில் கொடுத்துவிடுங்கள். மேலே செல்போன் எடுக்காமல் போகலாம். உங்களைத் தேட அந்தத் தாள்தான் துணை.

மலை எங்கேயும் போய்விடாது. இந்தப் பௌர்ணமி இல்லையென்றால் அடுத்த பௌர்ணமி. அதுவரை மாடிப்படி இருக்கிறது, ஏறிப் பழகுங்கள்!