கியர் பாக்ஸை இறக்கும் முன்...

மும்பையில் கார் வைத்திருக்கும் நம்மவர்கள் கேட்க அஞ்சும் வாக்கியம் ஒன்று உண்டு: "ஸாப், கியர் பாக்ஸ் கோல்னா படேகா!" கேட்டவுடன் முகம் வாடிவிடும், செலவு அப்படி. முப்பது வருடங்கள் வாகனப் பட்டறைகளில் கழித்தவன் என்பதால் சங்க நண்பர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. நான் கண்டவரை, கியர் பாக்ஸ் மீது விழும் பழிகளில் பல அதனுடையவை அல்ல. எஞ்சினின் சக்தி கிளட்ச், கியர் பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் என்று கைமாறித்தான் சக்கரத்தை அடைகிறது. எந்தக் கையில் கோளாறு என்பதை நாமே ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

முதலில் கிளட்ச். கண்டாலா மலைப்பாதையில் எஞ்சின் இரைகிறது, வண்டி ஏறவில்லை, கருகிய வாடை அடிக்கிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. சமதரையில், எதிரே யாரும் இல்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரைச் சற்றே மிதித்தபடி கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் உடனே நின்றுவிட்டால் கிளட்ச் நலம். நிற்காமல் ஓடினால் கிளட்சைப் பார்க்க வேண்டும். இதை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள். 2014-ல் செலிரியோவுடன் இங்கே பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. கார்களில் பெடல் இல்லையே தவிர, உள்ளே இருப்பது இதே கிளட்ச்தான்.

அடுத்து, கியர் விழ மறுப்பது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டுப் பாருங்கள். அப்போது எல்லா கியரும் சுலபமாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டினால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். கேபிளை முடுக்குவதோடு வேலை முடிந்துவிடலாம். ஒரே ஒரு கியர் மட்டும் 'கர்ர்' என்று உரசினாலோ, ஓடும்போது தானாக நழுவினாலோ, அப்போதுதான் கியர் பாக்ஸைச் சந்தேகிக்க வேண்டும்.

சத்தத்துக்கும் பரீட்சை உண்டு. வண்டி நியூட்ரலில் நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது. கிளட்சை மிதித்தால் இரைச்சல் அடங்குகிறதா? கியர் பாக்ஸின் உள் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். மிதித்தால்தான் இரைச்சல் வருகிறதா? அது ரிலீஸ் பேரிங்.

அம்பாஸடரும் பத்மினியும் பின்சக்கரங்களால் ஓடியவை. 1983-ல் மாருதி 800 வந்தபின் முன்சக்கரங்களால் ஓடும் கார்கள் பெருகின. இவற்றில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துக் கிளம்பும்போது 'டிக் டிக்' என்று கேட்டால், சக்கரத்தருகே உள்ள ஸி.வி. ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். மழைநீரும் மண்ணும் உள்ளே போகும். ஜூன் மாத மழைக்கு முன் சக்கரத்தின் உட்புறம் குனிந்து பாருங்கள். கிரீஸ் சிதறியிருந்தும் சத்தம் இன்னும் வரவில்லையென்றால், பூட்டை மட்டும் மாற்றி ஜாயின்டைக் காப்பாற்றிவிடலாம்.

பட்டறைக்குப் போகும்போது "கியர் பாக்ஸில் ஏதோ சத்தம்" என்று சொல்லாதீர்கள். எந்த கியரில், எந்த வேகத்தில், திரும்பும்போதா, கிளட்சை மிதிக்கும்போதா என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் அதைக் கேட்டு மகிழ்வார். மற்றவர் சற்று யோசிப்பார்!